பச்சை மக்கு பிடித்த கை

"ஒரிஜினல் மாதிரியே இருக்கணும்" என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. சொல்லாத வாடிக்கையாளரே கிடையாது, அதனால் தினமும் எரிகிறது.

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரிண்டிங் கடையில் டிசைனராக இருக்கிறேன். காபி மக்கில் படம் அச்சடிப்பதற்கு முன்னால், அடித்தால் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் ஒரு சாம்பிள் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். மக்கின் வளைவுக்கு எழுத்து வளைய வேண்டும், பளபளப்பு அதன் மேல் விழ வேண்டும், மேஜையில் நிழல் தெரிய வேண்டும். நான் ஜன்னல் வெளிச்சத்தைக்கூட விடமாட்டேன். சாம்பிளைப் பார்த்துவிட்டு, மக் ரெடி என்று நினைத்து வண்டியெடுத்துக்கொண்டு கடைக்கே வந்தவர்கள் உண்டு. அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு.

மகளிர் தினத்துக்குச் சில நாள் முன்னால் ஒரு ஷூ கம்பெனியிலிருந்து எச்.ஆர். அதிகாரி வந்தார். என் அக்கா தையல் லைனில் வேலை செய்கிற அதே கம்பெனி. லைனில் இருக்கிற பெண்கள் எல்லோருக்கும் 'நம் பெண்கள் நம் பெருமை' என்று போட்டு ஆளுக்கொரு மக் கொடுக்கப்போகிறார்களாம்.

"மேஜை மேல வெச்ச மாதிரி வேணாம்மா. நம்ம ஒர்க்கர் ஒருத்தங்க கையில பிடிச்சிருக்கணும். ஒரிஜினலா இருக்கணும்."

ஒர்க்கர் கைக்கு நான் எங்கே போவேன்? வீட்டுக்குத்தான் போனேன். அக்கா ஷிஃப்ட் முடிந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கடையிலிருந்து வெள்ளை மக் எடுத்துவர மறந்துவிட்டேன். எங்கள் வீட்டில் எல்லாம் எவர்சில்வர் டம்ளர். கைப்பிடியோடு இருந்தது பாத்ரூமில் கிடக்கும் பச்சை பிளாஸ்டிக் மக்குதான். அதைக் கழுவி அவள் கையில் கொடுத்து, போட்டோ எடுக்கப் போனை நீட்டினேன்.

"இன்னாடி இது, இதுலதான் எங்களுக்குக் காபி குடுக்கப் போறாங்களா?" என்று சிரித்தாள்.

"இதை எடுத்துட்டு வெள்ளை மக்கை வெச்சிடுவேன். நீ ஒழுங்கா பிடி."

போன வருடம் மெஷின் ஊசி இறங்கி அவள் கட்டைவிரல் நகம் இரண்டாகப் பிளந்தது. அப்படியே வளர்ந்துவிட்டது. வெள்ளை மக்கை ஒட்டி முடித்த படத்தில் அந்த நகம்தான் முன்னால் நின்றது. அதிகாரி பார்த்துவிட்டு, "நகத்தை மட்டும் கொஞ்சம் நீட் பண்ணிடுங்க" என்றார். உங்கள் மெஷின் செய்த வேலையை நான் ஏன் நீட் செய்ய வேண்டும்? கோபத்தை அடக்கிக்கொண்டு, "இருந்தாதான் சார் ஒரிஜினல்" என்றேன். யோசித்துவிட்டு சரி என்றார்.

அக்காவுக்கு ஒரே சந்தோஷம். டிவி பக்கத்தில் மக் வைக்க இடம் ஒழித்துவைத்தாள். லைனில் எல்லோரிடமும் மக் வருகிறது என்று சொல்லியும் விட்டாள்.

மகளிர் தினத்தன்று ஆளுக்கொரு ரோஜாவும் ஒரு சாக்லேட்டும் கொடுத்தார்கள். மக் வரவில்லை. சாயங்காலம் கம்பெனியின் பேஸ்புக் பக்கத்தில் நான் செய்த சாம்பிள் படம் வந்தது. பெண் தொழிலாளர்கள் அனைவருக்கும் அன்புப் பரிசு வழங்கினோம் என்று மேலே எழுதியிருந்தது.

மறுநாள் அந்த நகத்தை லைனில் எல்லோரும் அடையாளம் கண்டுபிடித்துவிட்டார்கள். உனக்கு மட்டும் தனியாகக் கொடுத்தார்களா, முன்னாலேயே உனக்கு எப்படித் தெரியும், நீ அவங்க ஆளா என்று கேட்டிருக்கிறார்கள். அது கம்ப்யூட்டரில் செய்த படம் என்று அக்கா சொன்னதை ஒருத்தரும் நம்பவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள்.

"வேன்ல என் பக்கத்துல சீட்டு காலியா கெடந்துச்சுடி. நின்னுனே வந்தாங்க" என்று சொல்லி அழுதாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

அதிகாரிக்குப் போன் போட்டேன்.

"மேல அப்ரூவல் வரலைம்மா. படம் நல்லா இருந்துச்சு, வீணா போவேணாம்னு போட்டோம். பார்க்கறவங்களுக்கு இன்னா தெரியப்போவுது?"

"வேலை செய்யறவங்களுக்குத் தெரியும் சார்!"

"சும்மா பேஜார் பண்ணாதீங்க" என்று வைத்துவிட்டார். நான் கத்திய கத்தலில் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். நான் பார்த்துப் பார்த்துச் செய்த நிழலும் பளபளப்பும் சேர்ந்து என் அக்காவையே பொய்க்காரி ஆக்கிவிட்டன.

அடுத்த நாள் காலையில் அக்கா பச்சை மக்கை ஒரு கட்டைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் நடுவில் போய் நின்று, படத்தில் இருக்கிற மாதிரியே பிடித்துக் காட்டினாளாம்.

"பாருங்க, நான் பிடிச்சது இதைத்தான். எங்க பாத்ரூம்ல இருந்து எடுத்துனு வந்தேன்."

அப்புறம் ஒருத்தி போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கி, விரலையும் மக்கையும் ஒப்பிட்டுப் பார்த்து, அடக்கமாட்டாமல் சிரித்திருக்கிறாள். பிறகு எல்லோரும் சேர்ந்து கம்பெனியைத் திட்ட ஆரம்பித்தார்கள். அன்றைக்கு வேனில் அக்காவின் பக்கத்து சீட்டு காலியாக இல்லை. வீட்டுக்கு வந்ததும் மக்கை பாத்ரூமில் வைத்துவிட்டு, தண்ணீர் பிடித்து வைத்தாயா என்று என்னைத்தான் அதட்டினாள்.

தீபாவளி நெருங்கியபோது அதே அதிகாரியிடமிருந்து மெசேஜ் வந்தது. 'ஸ்வீட் பாக்ஸ் சாம்பிள் வேணும். ஒரிஜினலா இருக்கட்டும். அதே கை போடுங்க, நல்லா இருந்துச்சு.'

வாயில் வந்ததையெல்லாம் டைப் செய்துவிட்டு, அக்காவின் வேலையை நினைத்து அழித்தேன். வீட்டுக்குப் போய் அவளிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தாள்.

"கேக்கறாங்கல்ல, குடுத்துடு" என்றாள். "ஆனா என் கையில இன்னா இருந்துச்சோ அதோட குடு."

"உன்னை ஏதாவது பண்ணிடுவாங்க."

"என்னைவிட நல்லா தைக்கறவ கெடைச்சா பண்ணட்டும்."

வெட்டாமல் ஒட்டாமல் அன்றைக்கு எடுத்த போட்டோவைத் தேடி எடுத்தேன். பிளந்த நகம், பச்சை மக்கு, பின்னால் எங்கள் வீட்டுச் சுவர். அதை அவருக்கு அனுப்பிவிட்டுக் கீழே எழுதினேன்: "இதுதான் சார் ஒரிஜினல்."