ஆப் மார்க் போட்ட என் கல்யாணப் பாட்டு

நான் இசையமைத்த கல்யாணப் பாட்டு ஹிட் ஆகுமா என்று ஏஐ ஆப்பிடம் கேட்டேன். நூற்றுக்கு நாற்பது தந்தது. பாட்டில் வரும் தப்பு மேளத்தின் அடியை அது சொன்னபடி மாற்றினேன். உடனே தொண்ணூற்றொன்று! மார்க்கைப் பார்த்த சந்தோஷத்தில் காதால் கேட்க மறந்துவிட்டேன்.

இன்று றக்வான பஸ்ஸில் கண்டக்டரிடம் பாட்டைக் கொடுத்துப் போடச் சொன்னேன்.

மேளம் தொடங்கியதுமே டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டினார். முன்சீட்டு அக்கா வெளியே எட்டிப் பார்த்தார்.

"யாருங்க செத்தது? எந்தத் தோட்டத்து லயத்துல?"

"இது கல்யாணப் பாட்டுங்க அக்கா."

"சாவு மேளத்தப் போட்டா மாப்புள வீட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிருவாங்க தம்பி."

இறங்கியதிலிருந்து விரல் அப்லோட் பட்டன் மேலேயே நிற்கிறது. பத்துத் தடவை பார்த்துவிட்டேன், ஆப் இன்னும் தொண்ணூற்றொன்று என்கிறது.

அதை எந்தச் சாவு வீட்டுக்கும் யாரும் கூட்டிப் போகவில்லை போல.

உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் இந்தப் பாட்டைப் போட யாருக்காவது தைரியம் இருக்கிறதா?