உடைந்ததைப் பொருத்தாதே

சம்மட்டி அக்காவுக்குச் சம்பளமே உடைப்பதற்குத்தான். ஒரு டம்ளர் கை நழுவினாலே பெண்கள் நாள் முழுக்கத் திட்டு வாங்குகிற உலகத்தில், வண்டி வண்டியாக இரும்பை உடைத்துப் போட்டுவிட்டு மாதம் பிறந்ததும் தலை நிமிர்ந்து சம்பளம் வாங்கியவள் அவள்.

அவள் வேலை பார்த்தது ஓர் ஆராய்ச்சிக்கூடம். சுரங்கத்துக்கும் உருக்காலைக்கும் எண்ணெய்க் கிணற்றுக்கும் போகிற இரும்பு எதுவரை தாங்கும், எந்த இடத்தில் கைவிடும் என்று பார்க்கிற இடம். இழுத்து உடைக்க ஓர் இயந்திரம், முறுக்கி உடைக்க ஒன்று, அத்தனைக்கும் மாமியார் மாதிரி நடுக்கூடத்தில் ஊசல் சம்மட்டி. எருமைத் தலை அளவு இரும்புத் தலையை உயரே ஏற்றி, கொக்கியை விடுவித்தால், வீசிக்கொண்டு இறங்கும். கீழே வைத்த துண்டு இரண்டாகிச் சுவரில் போய் விழும். அந்த அடியில் அடுத்த தெரு டீக்கடையில் கிளாஸ்கள் ஒரு மேஜை தள்ளிப் போய் நிற்கும். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் பல வருடம் பக்கத்து மேஜைக்காரரின் டீயைக் குடித்தே உடம்பைக் கெடுத்துக்கொண்டார். நம்பாதவர்கள் அவர் மனைவியைக் கேட்கலாம்.

அதற்கு முன்னால் அவள் சுரங்க வாசலில் தாதுக்கல் உடைத்துக்கொண்டிருந்தாள். அப்போது கல்யாணமும் ஆகியிருந்தது. புருஷன் ஒருநாள் குடித்துவிட்டுக் கை ஓங்கினான். ஓங்கிய கை இறங்குவதற்குள் அவன் தோள்பட்டை எலும்பு இரண்டாகியிருந்தது. ஊரைவிட்டு ஓடினான், இப்போது எந்தக் கடலோரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறானோ. சோதனைக்குத் தாதுக்கல் எடுத்துப் போக வந்த ஆராய்ச்சிக்கூடத்து டாக்டரம்மா, ஒரே போடில் கல்லைச் சரிபாதியாகப் பிளக்கும் அவளைப் பார்த்துவிட்டு, “எங்ககிட்ட வந்துடேன்” என்றார். மருந்து டாக்டர் இல்லை, இரும்புக்கு டாக்டர். இரும்பு எதனால் செத்தது என்று சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்தக் கூடத்தில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. உடைந்த துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கக் கூடாது. இரும்பு செத்த காரணம் உடைந்த முகத்தில்தான் இருக்கும், மாவுக் கோலம் மாதிரி. பொருத்தினால் ஒன்றையொன்று தேய்த்து அழித்துவிடும். ஆனால் மனிதக் கைக்கு ஒரு பழக்கம்: உடைந்த எதையும் கையில் கொடுத்தால், தலை யோசிப்பதற்குள் கை சேர்த்துப் பார்த்துவிடும். ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகள் எல்லாரும் முதல் நாள் அதைச் செய்வார்கள். சம்மட்டி அக்கா மரச் சட்டத்தால் விரல் கணுவில் ஒன்று வைப்பாள். டாக்டரம்மாவே ஒருமுறை வாங்கியிருக்கிறார். வாங்கிக்கொண்டு, “தேங்க்ஸ்” என்றார்.

அக்காவின் உயிர் ஒரே தம்பி. அவள் தூக்கி வளர்த்தவன். சுரங்கத்தில் விஞ்சு ஓட்டினான். அதாவது, ஆட்களைக் குழிக்குள் இறக்குகிற இரும்புக் கூண்டு அவன் கையில் இருந்தது. கெட்டவன் இல்லை, குறும்பு அதிகம். கூண்டை விறுவிறுவென்று இறக்கி, தரை வருவதற்கு முன்னால் சடக்கென்று பிரேக் போடுவான். உள்ளே இருப்பவர்கள் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவதைக் கேட்டு மேலே சிரிப்பான். “ஒருநாள் உன் கையை ஒடிக்கிறேன் பாரு” என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அந்த நாள் வந்தது. குழியில் பாதி தூரத்திலேயே சடக்கென்று பிரேக் விழுந்தபோது, கூண்டைக் கயிற்றோடு பிணைத்திருந்த இரண்டு போல்ட்டில் ஒன்று முறிந்தது. கூண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து கதவு பிய்ந்தது. ஓர் இளம் தொழிலாளி குழிக்குள் விழுந்தான். மேலே கொண்டு வந்தபோது அவன் முகத்தை அவன் அண்ணனாலேயே அடையாளம் சொல்ல முடியவில்லை. செருப்பை வைத்துத்தான் சொன்னார்.

அந்த அண்ணன் சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கிறவர். வெடிக்காரர் என்றுதான் பெயர். ஒரு காது கேட்காது, பயம் என்றால் என்ன என்றும் தெரியாது. “விஞ்சுக்காரன் தலை எனக்கு” என்றார். கூட்டம் தம்பியை விஞ்சு அறையிலிருந்து இழுத்துப் போட்டு மிதித்தது. ஒரு காது கிழிந்து, முன்பல் போய், எப்படியோ சாக்கடை வழியாகத் தப்பி அக்காவிடம் வந்து விழுந்தான். அவள் அவனை ஆராய்ச்சிக்கூடத்தின் உலை அறையில், அணைந்து கிடந்த உலைக்குப் பின்னால் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் சுரங்கத்திலிருந்து பெட்டி வந்தது. முறிந்த போல்ட்டின் இரண்டு துண்டுகள், முறியாத அதன் ஜோடி, எல்லாம் உள்ளே. போல்ட்டில் ஏற்கெனவே விரிசல் இருந்ததா, இல்லை தம்பி போட்ட பிரேக்கில்தான் முறிந்ததா? தம்பியின் உயிர் இந்தக் கேள்வியில்தான் தொங்கியது. டாக்டரம்மா துண்டுகளை விளக்கடியில் பிடித்தார். இரண்டு முகமும் நசுங்கி, சப்பையாகி, ஒன்றுமே தெரியவில்லை.

அக்கா உலை அறைக் கதவைத் திறந்தாள்.

“யாருடா இதைத் தட்டினது?”

“நான்தான்க்கா.” பல் போன வாயில் காற்றுத்தான் வந்தது. “கூண்டை மேல இழுத்தவுடனே ஓடிப்போய் எடுத்தேன். விஞ்சு அறையில வச்சு பொருத்திப் பாத்தேன். நிக்கல. ஸ்பேனரால அடிச்சு அடிச்சுப் பாத்தேன்… அது ஒட்டிக்கிட்டா அவன் எந்திரிச்சு வந்துடுவான்னு…”

கிழியாத காதின் மேல் விழுந்தது அறை. “உன் உயிரை நீயே நசுக்கியிருக்கே. உடைஞ்சதைப் பொருத்தாதேன்னு சோறு ஊட்டும்போதெல்லாம் சொன்னேனேடா, பாவி!”

“அவனை அடிச்சு என்ன ஆகப்போகுது?” என்றார் டாக்டரம்மா. “ஜோடி போல்ட் இருக்கே. ரெண்டும் ஒரே வயசு, ஒரே உழைப்பு. இதுல விரிசல் இருந்தா அதுலயும் இருந்திருக்கும்.”

அதே நேரம் வாசலில் கண்ணாடி நொறுங்கியது. காவலாளி மதில் ஏறிக் குதித்து ஓடுவது தெரிந்தது. வெடிக்காரர் கடப்பாறையோடு உள்ளே வந்தார். வழியில் இருந்த தராசு, அலமாரி, ஒரு நாற்காலி, எதுவும் தப்பவில்லை.

“எங்கேடி உன் தம்பி?”

“இங்கதான் இருக்கான். சாவி என் இடுப்புல.” அக்கா நகரவில்லை. “என்னைத் தாண்டித்தான் எடுக்கணும். அதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்கண்ணே. இந்த போல்ட்டை இப்ப உங்க கண்ணு முன்னாடி உடைக்கிறேன். உள்ளே புதுசா, பளிச்சுனு இருந்தா குத்தம் அவனுது. சாவியை நானே தரேன்.”

“கருப்பா இருந்தா?”

“பல நாள் விரிசல். உங்க தம்பியைக் கொன்னது துருவும், அதைப் பாக்காம விட்டவனும்.”

டாக்டரம்மாவின் முகம் வெளுத்தது. “என்ன வாக்குக் கொடுக்கற நீ? இது என்ன சூதாட்டமா?” என்று கிசுகிசுத்தார். அக்கா காதில் வாங்கவில்லை. தம்பியின் பிரேக் எப்படிப்பட்டது என்று அவளை விட யாருக்குத் தெரியும்?

போல்ட்டைத் திரவ நைட்ரஜனில் முக்கினார்கள். அந்தக் குளிரில் இரும்பு வளையாது, நெளியாது, கண்ணாடி போல் நேராகப் பிளக்கும். உள்ளே விரிசல் இருந்தால் அப்படியே திறந்து காட்டும். வெள்ளைப் புகை தரையெல்லாம் பரவியது. அக்கா நீண்ட இடுக்கியால் எடுத்துப் பீடத்தில் வைத்தாள். கொக்கியை இழுத்தாள்.

அந்த அடியில் டீக்கடைக் கிளாஸ்கள் தெருவுக்கே வந்துவிட்டதாகக் கேள்வி. ஒரு துண்டு சுவரில் பட்டு, திரும்பி, வெடிக்காரரின் நெற்றியைக் கிழித்துக்கொண்டு போனது. ரத்தம் கண்ணில் வழிய வழிய அவர் கையுறைகூட இல்லாமல் இரண்டையும் பொறுக்கினார். தோல் இரும்போடு ஒட்டிப் பிய்ந்தது. பிய்ந்த கையோடு, இரண்டையும் சேர்க்கப் போனார்.

மரச் சட்டம் எடுக்க அவளுக்கு நேரமில்லை. கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். “பொருத்தாதே!”

வெடிக்காரரை அதுவரை யாரும் அடித்ததில்லை. அக்குளில் இடுக்கியிருந்த கடப்பாறை கீழே விழுந்தது. அவர் துண்டுகளை அப்படியே நீட்டினார்.

டாக்டரம்மா விளக்கைக் கொண்டுவந்தார். உடைந்த முகத்தில் பெரும்பகுதி கருத்து, துருவேறி, சிப்பியின் முதுகு போல வரிவரியாக இருந்தது. ஓரத்தில் மட்டும் பிறை போல ஒரு துண்டு, புது வெள்ளியாகப் பளபளத்தது.

“கருப்பு, பல மாசமா நடந்தது,” என்றார். “ஆரம்பத்துலயே பாத்திருந்தா மாத்தியிருக்கலாம். போல்ட்டோட மரை இடுக்கை யாரும் பாக்கவே இல்ல.”

“பளபளன்னு இருக்கறது?”

“அது நாங்க இப்ப உடைச்சது.”

“முறிஞ்ச போல்ட்டுல?” வெடிக்காரர் விடவில்லை. “இந்த மிச்சத்தை அங்க யார் உடைச்சது?”

டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள். “என் தம்பி. பிரேக்குல.”

துண்டுகளைப் படம் எடுக்க டாக்டரம்மா பக்கத்து அறைக்குப் போனார். வெடிக்காரர் கன்னத்தைத் தடவினார்.

“முக்கால் துரு. கால் உன் தம்பி.”

“ஆமாண்ணே.”

“காலுக்கு மட்டும் வாங்கிக்கறேன்.”

அவள் உலை அறையைத் திறந்தாள். தம்பியின் வலது கையை, பிரேக் பிடிக்கும் கையை, தானே உலையின் விளிம்பில் இழுத்து வைத்தாள். “அக்கா… அக்கா…” என்று அவன் அலறினான். அவள் முகத்தைத் திருப்பவில்லை. “கையோட நிறுத்திக்கணும், அண்ணே. மேல போனா அடுத்த சம்மட்டி உங்க தலையில.” கடப்பாறை ஒரே தடவை இறங்கியது. இரும்பு உடையும் சத்தம் அவளுக்குப் பழக்கம். எலும்பு உடையும் சத்தம் அதைவிடச் சின்னது. அதைக் கேட்டுத்தான் சம்மட்டி அக்கா முதல்முறையாகத் தரையில் உட்கார்ந்தாள். கடப்பாறையைப் போட்டுவிட்டு, தம்பியைத் தோளில் தூக்கி ஆஸ்பத்திரிக்கு ஓடியவரும் வெடிக்காரர்தான்.

மிச்சம் முக்காலுக்கு அக்காவும் டாக்டரம்மாவும் வெடிக்காரரும் சுரங்க அலுவலகத்துக்குப் போனார்கள். மேனேஜர் நாற்காலியைவிட்டு எழவில்லை. “போன மாசம்தான் நல்லாப் பாத்தோம். எங்க, காட்டுங்க,” என்று டாக்டரம்மா கையிலிருந்த இரண்டு துண்டையும் வாங்கினார். பேசிக்கொண்டே, தன்னையறியாமல் இரண்டையும் சேர்க்கக் கொண்டுபோனார்.

“பொருத்தாதே!” என்றார் வெடிக்காரர்.

சொல்லும் அறையும் ஒன்றாக விழுந்தன. மேனேஜர் நாற்காலியோடு ஜன்னல் பக்கம் போய்ச் சேர்ந்தார். துண்டுகள் காற்றில் பறந்தன. இரண்டையும் தரையில் படாமல் சம்மட்டி அக்கா கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டாள். இடது கையை இடது பக்கமும், வலது கையை வலது பக்கமும், முடிந்த மட்டும் விலக்கி வைத்துக்கொண்டு, போலீஸ் வரும்வரை அப்படியே நின்றாள்.