ஜெபத்தை எனக்கு விட்டவன்

திண்டிவனத்தில் எங்கள் சபையின் போதகர் ஓய்வுபெறும் நேரம் பார்த்து, வேதாகமக் கல்லூரி முடித்த அவர் மகன் ஊர் திரும்பினான். சபை அவன் கைக்குத்தான் போகும் என்று முடிவுகட்டினேன். அடையாளங்களைக் கைபேசியில் குறித்தும் வைத்தேன்: முதல் வாரம் வேதவாசிப்பு, இரண்டாம் வாரம் அறிவிப்பு, மூன்றாம் வாரம் நான் நான்கு வருடமாக நடத்தும் வாலிபர் கூடுகையில் முன்வரிசை.

நான்காம் வாரம், "அக்கா, வாலிபர் வாட்ஸாப் குரூப்ல என்னையும் அட்மினா போடுங்க" என்றான்.

"எதுக்கு?"

"ஆஸ்பத்திரிக்கு யார் யார் போறதுன்னு லிஸ்ட் போடணும். நீங்க போடற வேலை லிஸ்ட்ல எல்லாம் இருக்கு, அது மட்டும் இல்ல."

உண்மைதான். ஆனாலும் பெயர் வாங்கத்தான் கேட்கிறான் என்று தோன்றியது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் இருந்த எங்கள் சபைப் பெரியம்மாவுக்குப் போன் செய்து, அவன் அங்கே வந்தானா என்று விசாரித்தேன்.

"மூணு நாளா வருதும்மா. கஞ்சி வாங்கியாந்து குடுக்குது. துணிகூட அலசிப் போட்டுச்சு."

"ஜெபம் பண்ணாரா?"

"கேட்டேன். அக்கா வந்து பண்ணுவாங்கன்னு தெனம் சொல்லிக்கினு இருக்குது. நீ எப்ப வர்ற?"

அது பணிவா, என்னை வளைக்கும் தந்திரமா என்று விளங்கவில்லை. அன்று மாலையே முண்டியம்பாக்கம் வழியாகப் போகும் விழுப்புரம் பஸ்ஸில் ஏறினேன். வழியில் அவனை அட்மின் ஆக்கினேன். குரூப்பைத் தொடங்கிய என்னை வேறு யாரும் நீக்க முடியாது என்பதை முதலில் சரிபார்த்துக்கொண்டேன்.