மதலேனம்மாளின் மன்றாட்டு

சூரியநெல்லிக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலை எஸ்டேட்டில் மதலேனம்மாளுக்கு முப்பத்தோரு வருஷ சர்வீஸ். இன்னும் ஒன்றரை வருஷம் ஓட்டிவிட்டால் பென்ஷன். பத்து வீடுகளை ஒட்டிக் கட்டிய லயத்தில் நாலாவது வீடு அவளுடையது. இங்கே தும்மினால் அடுத்த வீட்டில் "என்ன, சளியா?" என்று கேட்பார்கள், சுவரின் லட்சணம் அப்படி. புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே மகள் ஷிஜி, சின்னக்கானல் ரிசார்ட் ஒன்றில் வேலை பார்க்கிறாள்.

மதலேனம்மாளுக்கு ஒரு குணம். மனசில் பட்டதைக் கேட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் சோறு இறங்காது. சம்பளம் கூட்டச் சொல்லி வேலையை நிறுத்திய சமரத்தின்போது, "எங்க லயத்துக் கக்கூஸ்ல நீங்க ஒரு நாள் இருந்து பாருங்க சார்" என்று மேனேஜரின் முகத்துக்கு நேரே சொன்னவள் அவள். அன்று லயமே அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. மேனேஜரைக் கேட்டால் எல்லோருக்கும் கொண்டாட்டந்தான். தங்களையே கொஞ்சம் யோசிக்கச் சொன்னால் மட்டும் ஜனங்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிடும், அது என்ன நியாயமோ!

ஷிஜியை அதே லயத்து எட்டாவது வீட்டுச் சவரியம்மாளின் மகன் லிபினுக்குப் பேசி முடித்திருந்தார்கள். லிபின் மத்திய போலீஸ் படையில், வடக்கே எங்கோ காவல் வேலையில் இருந்தான். ஜனவரியில் லீவில் வருவான், வந்ததும் கல்யாணம். மதலேனம்மாளும் சவரியம்மாளும் இருபது வருஷமாகப் பக்கத்துப் பக்கத்துத் தேயிலை நிரையில் கொழுந்து எடுப்பவர்கள். சம்பந்தம் பேசியதிலிருந்து "மதினி" என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

நவம்பரில் வடக்கே ஒரு சந்தையில் குண்டு வெடித்தது. இருபத்திரண்டு பேர் செத்துப்போனார்கள். அதில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள் மூன்று பேர். லிபின் இருந்த ஊர் அதுவல்ல என்று தெரியும்வரை இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. அப்படி நடக்கும் என்று முன்பே எச்சரிக்கை வந்தும் சந்தையில் காவலைக் குறைத்திருந்தார்கள் என்று முதல் நாள் டிவியில் ஒருவர் சொன்னார். மறுநாள் அந்தப் பேச்சையே காணோம். ஒரே கூச்சல்தான், பழிக்குப் பழி என்று. லயத்து வாட்ஸப் குரூப்பிலும் அதே. சைக்கிளில் மீன் கொண்டுவரும் ஹனீபாவை இனி லயத்துப் பக்கம் விடக்கூடாது என்று ஒருத்தர் போட, இருபது கட்டை விரல் அதன் கீழே வரிசையாக நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அன்பியக் கூட்டம் பாஸ்கல் வீட்டில். வாரம் ஒரு வீடு என்று சுற்றி வரும் ஜெபக்கூட்டம் அது, பாஸ்கல்தான் தலைவர். பைபிள் வாசகம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் மன்றாட்டு சொல்லலாம். ஒருவர் சொல்லி முடித்ததும் எல்லோரும் சேர்ந்து "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்பார்கள். பரீட்சையில் பாசாக, முட்டுவலி போக, யானை லயத்துக்குள் வராமல் இருக்க என்று எதற்கும் அந்தப் பதில் உண்டு. பதில் வராத மன்றாட்டை அந்த லயம் கண்டதில்லை.

மதலேனம்மாள் எழுந்தாள். செத்தவர்களுக்காகக் கேட்டாள், பதில் வந்தது. உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"ஆண்டவரே, தெரிஞ்சிருந்தும் காவலைக் கொறச்சவுக யாரோ, அவுக ஜனத்துக்குப் பதில் சொல்லணும். எவனோ செஞ்ச பாவத்துக்கு ஒண்ணுந்தெரியாத முஸ்லிம் ஜனங்க மேல யாரும் கைய வைக்கக் கூடாது. இதப் பத்தி நாங்க ஒருத்தர ஒருத்தர் கடிச்சுக் குதறாம உக்காந்து பேசுற புத்தியக் குடும்."

பதில் வரவில்லை. கூடியிருந்த இருபது பேரும் தரையைப் பார்த்தார்கள், பிறகு சவரியம்மாளைப் பார்த்தார்கள். சவரியம்மாள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு எழுந்து வெளியே போனாள். பாஸ்கல் அவசர அவசரமாகப் பாட்டைத் தொடங்கினார்.

யாரோ அதைப் போனில் பிடித்திருந்தார்கள். விடிவதற்குள் குரூப்பில் ஓடியது. 'நம்ம பிள்ளை அங்கே உயிரைக் கொடுத்துக் காவல் நிற்கிறான், இந்தம்மா படையைக் குறை சொல்லுது' என்று ஒன்று. 'இவுக யார் பக்கம்?' என்று இன்னொன்று. காலையில் குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றது. அவள் குடம் நிறைகிற வரை ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். ஃபீல்டில் அவள் பக்கத்து நிரையில் சவரியம்மாள் எட்டு மணி நேரம் கொழுந்து வெட்டும் கத்தரியை ஓட்டினாள், ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

புதன்கிழமை பாஸ்கல் வந்தார்.

"அக்கா, நீங்க கேட்டது தப்புன்னு நான் சொல்ல வரல. நேரம் சரியில்ல."

"அப்ப எப்ப கேக்கணும் தம்பி? அடுத்த குண்டு வெடிச்ச பெறகா?"

"பாத்தீங்களா, இதத்தான் சொல்றாக. சவரியம்மாக்கா ஒரே பிடியா நிக்கிறாக. வார ஞாயித்துக்கெழம அதே கூட்டத்துல சொன்னதத் திருப்பி எடுத்துக்கிட்டா கல்யாணம். இல்லன்னா இல்லயாம்."

"நான் காவல் நிக்கிற பிள்ளைகளையா சொன்னேன்? ஆளக் கொறச்சது யாருன்னுதான கேட்டேன்?"

பாஸ்கல் செருப்பை மாட்டினார்.

மதலேனம்மாளுக்கு ஆத்திரம் பொங்கியது. ரெண்டு மாநிலத்துக்கும் நடுவே அணைப் பிரச்சினை வந்த வருஷம் அவள் மறக்கவில்லை. தமிழ் பேசுகிறோம் என்ற ஒரே காரணத்துக்காகக் கதவை அடைத்து விளக்கை அணைத்து மூன்று நாள் கிடந்தார்கள். எங்கோ யாரோ பேசியதற்கு நாங்கள் என்ன செய்வோம் என்று இதே லயம் அழுதது. அந்த அழுகையெல்லாம் எங்கே போயிற்று? கேட்கலாம். யாரிடம் கேட்பது? கதவைச் சாத்திக்கொண்டு எங்காவது போய்விடலாம் என்றால் வீடு எஸ்டேட்டுடையது. ஒன்றரை வருஷம் பாக்கி, நிரை மாற்றச் சொன்னால் சூப்பர்வைசர் காரணம் கேட்பான். திரும்பிய பக்கமெல்லாம் அதே பத்து வீடு.

சனிக்கிழமை ஷிஜி சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அம்மா, நீ சொன்னது சரிதான். ஆனா எனக்கு லிபின் வேணும்மா."

அதற்குமேல் தாய்க்காரி என்ன செய்வாள்?

ஞாயிற்றுக்கிழமை அவள் எழுந்து நின்றாள். "ஆண்டவரே, போன வாரம் நான் அறியாமப் பேசுனதுக்காக என்னைய மன்னியும். யாரு மனசாவது நொந்திருந்தா அவுகளும் மன்னிக்கணும்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. கூரைத் தகரம் அதிர இருபது பேரும் சேர்ந்து சொன்னார்கள். பிறகு பால் விடாத கட்டன்சாயா கொடுத்தார்கள், தோளைத் தட்டினார்கள், கல்யாணத்துக்கு எத்தனை பவுன் என்று விசாரித்தார்கள். சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் பதில் சொன்னாள். சொல்லும்போதே தன்மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை மூடுபனி. நாலு செடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. சவரியம்மாள் நிரையை விட்டு நகர்ந்து அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மதினி, கோவமா?"

மதலேனம்மாள் கொழுந்தைக் கூடையில் தட்டினாள்.

"லிபின் போன மாசமே சொன்னான்" என்றாள் சவரியம்மாள், குரலைத் தணித்து. "அவன் இருக்கிற எடத்துல நாப்பது பேரு நிக்கணுமாம். பதினேழு பேருதான் நிக்கிறாகளாம். ராவும் பகலும் ஒரே ஆளுதான் நிக்கணுமாம். எனக்கு அன்னைலருந்து தூக்கமே இல்ல."

கத்தரி நின்றுவிட்டது. "அடிப்பாவி! இதத்தானடி நான் அன்னைக்குக் கேட்டேன்!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா என்னைய அத்தன பேரு முன்னால..."

"நீ கேட்டதும் எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாத்தாக மதினி. பட்டாளத்துக்காரன் ஆத்தா, நான் என்ன சொல்றேன்னு. ஆமா, மதினி கேக்குறது சரிதான்னு நான் அங்க சொல்லியிருந்தா, அதும் போன்ல போயிருக்கும். அவன் வேல போயிருந்தா? அவன வேற எங்கயாச்சும் மோசமான எடத்துக்குத் தள்ளிட்டாகன்னா?" அவள் மூக்கைத் துடைத்தாள். "எனக்குப் பயம் வந்துருச்சு. நீ திருப்பி எடுத்துக்கிட்டா நானும் ஒண்ணும் சொல்லாமத் தப்பிச்சுக்கலாம்னு நெனச்சேன்."

மதலேனம்மாளுக்கு அவளை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. தன் மருமகனாக வரப்போகிறவனின் உயிருக்காகக் கேட்ட கேள்விக்குத்தான் நேற்று இருபது பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அதைக் கேட்க வைத்தவள் அவனைப் பெற்றவள்.

"அப்ப நம்ம பிள்ளைக்காக யாருதான் மதினி கேக்குறது?" என்றாள்.

சவரியம்மாள் வாயைத் திறந்தாள். மேலே பாதையில் சூப்பர்வைசரின் விசில் கேட்டது. இரண்டு பேரும் குனிந்து அவரவர் நிரையில் கத்தரியை ஓட்டத் தொடங்கினார்கள்.