முன்வாசல் வழியாக வந்த சாம்பார்

போன ஞாயிற்றுக்கிழமை பெட்டாலிங் ஜெயாவில் ஒரு நிச்சயதார்த்தம். பட்டுப்புடவைகளுக்கு நடுவே ஹாலில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று முன்வாசல் வழியாக ஒரு சாம்பார் அண்டா உள்ளே வந்தது. ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு இரண்டு பேர். "வழி, வழி! சூடு!" என்று ஒரே கத்தல். பின்னாலேயே சோறு. அதற்குப் பின்னால் அப்பளக் கூடை.

மாமிகள் எல்லாரும் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டினார்கள்.

சமையல் சாமான் பின்பக்கமாகத்தானே வரும்? வரும். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் வரவில்லை. காரணம் ரேடியோ. அந்த ரேடியோவுக்குக் காரணம் நான். ஆகவே விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லப் போகிறீர்கள்.

வானொலியில் ஞாயிறு காலையில் ஒரு பேச்சு நிகழ்ச்சி நடத்துகிறேன் அல்லவா? பழைய கதை, நியாய அநியாயம், நம் ஜனங்களின் பழக்கவழக்கம் என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு பேரைப் பேச வைப்பேன். (உங்கள் குரல் ரேடியோவுக்கு லாயக்கில்லை என்று கடிதம் போட்ட கிள்ளான் வாசகருக்கு: தெரியும் ஐயா. என் வீட்டுக்காரர் அதைத் தினமும் சொல்கிறார்.)

இந்த நிகழ்ச்சியில் எனக்கு ஒரே ஒரு சட்டம்தான். பேப்பர் கூடாது.

பேப்பர் கையில் இருந்தால் நம் ஆட்களுக்கு என்ன ஆகிறதோ தெரியவில்லை. காப்பிக் கடையில் அருமையாகப் பேசுகிற மனுஷன், மைக்கைப் பார்த்ததும் "நமது முன்னோர்கள் வியர்வை சிந்தி..." என்று ஆரம்பித்துவிடுவார். யார் முன்னோர்? எங்கே சிந்தினார்? யார் சிந்த வைத்தது? அது மட்டும் வராது. அதனால் வாசலிலேயே பேப்பரைப் பிடுங்கிவிடுவேன்.

இந்த முறை பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாழ்க்கை பற்றிப் பேசலாம் என்று முடிவு. தயாரிப்பாளர் அமலா சின்னப் பெண், கெட்டிக்காரி. அவள்தான் யோசனை சொன்னாள்.

"அக்கா, சிவக்கொழுந்து அங்கிளையும் வீரையா அங்கிளையும் கூப்பிடுவோமா? ரெண்டு பேருமே ரயில்வே. அதோட சம்பந்தி ஆகப் போறாங்க. நிச்சயதார்த்தம் அன்னிக்கே ஒலிபரப்பலாம். ஸ்வீட்டா இருக்கும்லா!"

சிவக்கொழுந்து யாழ்ப்பாணத்தவர். ரயில்வே ஆபீசில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ரிட்டயர் ஆனவர். இன்றைக்கும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை இல்லாமல் மீன் வாங்கப் பாசாருக்குக்கூடப் போகமாட்டார். வீரையாவின் தாத்தாவும் அப்பாவும் தண்டவாளத்துக்குக் கட்டை போட்ட கூலிகள். வீரையாவும் இளவயதில் அந்தக் கேங்கில் வேலை செய்தவர்தான். பிறகு லோரி ஓட்டப் போய், இப்போது கிள்ளானில் சொந்த லோரிகள் வைத்திருக்கிறார்.

கிராணியின் மகள் வதனி. லோரிக்காரரின் மகன் குமரன். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள். காதல். இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் முகத்தைச் சுளித்தார்கள். "நம்ம ஆளுங்க இல்லியே" என்று அங்கே ஒரு அத்தை, "எங்கட ஆக்கள் இல்லையே" என்று இங்கே ஒரு மாமி. வார்த்தை வேறு, சுளிப்பு ஒன்றுதான். பிள்ளைகள் பிடித்த பிடியில் நின்றார்கள். அப்பாக்கள் இறங்கி வந்தார்கள்.

திங்கட்கிழமை ஒலிப்பதிவு. ஒரே காரில் வந்து இறங்கினார்கள் இரண்டு அப்பாக்களும். அங்கே தொடங்கியது சம்பந்தி மரியாதை.

"நீங்க மொதல்ல பேசுங்க சம்பந்தி."

"இல்லை, நீங்கள் சொல்லுங்கோ. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்."

"ஐயோ, உங்களுக்குத் தெரியாததா?"

டேப் ஓடுகிறது. இவர்கள் ஆளுக்கு ஆள் சர்க்கரை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். குவார்ட்டர்ஸ் எப்படி இருந்தது என்று கேட்டால், "அருமையா இருந்துச்சு", "எல்லாரும் ஒற்றுமையாய் இருந்தம்". எல்லாருமா? ஒற்றுமையாகவா? நானும் அதே பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்தவள்தானே! பொதுக்குழாயடியில் தினமும் மண்டை உடைந்தது எனக்கு மறந்துவிடுமா?

எனக்குப் பொறுமை போய்விட்டது. நேராகக் கேட்டேன்.

"வீரையா அண்ணே, அந்தக் காலத்துல கிராணி ஐயா வீட்டுக்குள்ள நீங்க போயிருக்கீங்களா?"

வீரையா சிரித்தார். "உள்ளயா? எங்க தங்கச்சி... பின்வாசல் வரைக்கும் போயிருக்கேன்."

"எதுக்கு?"

"அப்பா காய்ச்சல்ல படுத்துட்டாரு. லீவு பேப்பர்ல ஐயா கையெழுத்து வேணும். நல்ல மழை. பின்பக்கம்தான் வரணும்னு சட்டம். போய் நின்னேன். சமையல்காரம்மா பேப்பரை வாங்கிட்டு உள்ள போனாங்க. நான் மழையிலயே நின்னேன். ஜன்னல் வழியா பேப்பர் வந்துச்சு. கையெழுத்து இருந்துச்சு. ஐயா முகத்தை நான் பார்க்கவே இல்ல. பேப்பர் படிக்கிற சத்தம் மட்டும் கேட்டுச்சு. பக்கம் திருப்புவாங்கல்ல, அந்தச் சத்தம்."

சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவர், முடிக்கும்போது சிரிக்கவில்லை.

சிவக்கொழுந்தின் முகம் சிவந்துவிட்டது. "அது எல்லாருக்கும் உள்ள முறை! நான் உண்டாக்கின சட்டமோ?"

"உள்ள வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"கூப்பிட்டா வந்திருப்பீரோ?"

"கூப்பிட்டுப் பார்த்தீங்களா?"

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். யார் என்ன சொன்னார் என்று எதிரே உட்கார்ந்திருந்த எனக்கே விளங்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அமலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஒரே காரில் வந்தவர்கள் தனித்தனியாகப் போனார்கள். சிவக்கொழுந்து டாக்சியில். வீரையா போகும்போது என்னிடம் சொன்னார்.

"தட்டு வரும், பொம்பளைங்க வருவாங்க. நான் வரல தங்கச்சி. அந்த வீட்டுப் படியை நான் மிதிக்கல."

மாப்பிள்ளையின் அப்பா இல்லாமல் நிச்சயமா? முகம் சுளித்த சொந்தக்காரர்கள் அதற்காகத்தானே காத்துக்கொண்டிருக்கிறார்கள்? 'அப்பவே சொன்னோமே' என்ற வார்த்தையைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள்.

அமலா அழுகிற நிலைமையில் இருந்தாள். "அக்கா, சண்டையை வெட்டிடறேன். ஒற்றுமையா இருந்தோம்னு சொன்னாங்கல்ல, அதை வச்சு நடுவுல ரெண்டு பாட்டு போட்டு ஒப்பேத்திடலாம்."

"அந்த அரை மணி நேரத்துல உண்மையா இருந்ததே அந்தச் சண்டை ஒண்ணுதான். அதை வெட்டினா நானும் வெட்டிக்கிட்டுப் போறேன், வேற ஆளைப் பாரு" என்றேன். கோபத்தில் சொன்னேன். ஆனால் மனசுக்குள் உதைப்புத்தான். என் நிகழ்ச்சி நல்லா இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கலாமா?

மறுநாள் அந்தப் பெண்ணே ரேடியோ ஸ்டேஷன் கேன்டீனுக்கு வந்துவிட்டாள். வதனி. பள்ளிக்கூடம் முடிந்து நேராக வந்திருந்தாள். கையெல்லாம் சாக்கட்டித் தூள்.

"வெட்டச் சொல்ல வந்தியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல ஆன்டி. வெட்டாதீங்க."

அமலா தேத்தண்ணியைக் கீழே வைத்தாள்.

"இப்ப வெட்டிட்டா, கல்யாணத்துக்கு அப்புறம் தினம் இதுதான். மாமா என்கிட்ட வந்து, உங்கப்பா என்னை மழையில நிக்க வச்சாருன்னு சொல்லுவார். அப்பா என்கிட்ட வந்து, உன்ர மாமா என்னை ரேடியோவில அவமானப்படுத்தினார் எண்டு சொல்லுவார். ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன, டெலிபோன் கம்பியா? இப்பவே கேட்டு முடிச்சிடட்டும்."

"நிச்சயம் நின்னு போச்சுன்னா?"

"ஒரு ரேடியோ நிகழ்ச்சிக்கு நின்னு போற கல்யாணம்னா, அது இப்பவே நிக்கட்டும்." சொல்லிவிட்டாள். ஆனால் அவள் கை மேசையில் இருந்த சர்க்கரைக் கரண்டியை வளைத்துக்கொண்டே இருந்தது. கேன்டீன்காரர் மனசு பதறப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அமலா அந்தக் கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "வெட்டல. ஆனா ஒண்ணு பண்ணலாம். ஆளுக்கொரு மைக் கொடுத்திருந்தேன். ரெண்டு குரலும் டேப்ல தனித்தனியாத்தான் பதிவாகியிருக்கு. கத்தினதை ஒருத்தருக்கு அப்புறம் ஒருத்தரா ஒட்டறேன். ஒரு வார்த்தைகூட மாத்தமாட்டேன். என்னதான் கத்தினாங்கன்னு அவங்களே கேட்கட்டும்."

அப்படியே செய்தாள். நான் முன்கூட்டிக் கேட்கவில்லை. எல்லாரோடும் சேர்ந்து ரேடியோவில் கேட்கிறேன் என்றேன். அமலாவும் சொல்லவில்லை.

ஞாயிறு. ஹாலில் கூட்டம். வாசலில் வாழைமரம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு தட்டுகளோடு கிளம்பிய வேன் இன்னும் வரவில்லை. சிவக்கொழுந்து விறைப்பாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய தங்கை ஒருத்தி, "வருவினமோ?" என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். வருத்தத்தில் கேட்ட மாதிரி எனக்குத் தெரியவில்லை.

நேரம் ஆனது. வதனி பட்டுச் சேலையோடு வந்து அலமாரி மேல் இருந்த ரேடியோவைத் திருகினாள்.

"நிப்பாட்டு பிள்ளை" என்றார் அப்பா.

"கேளுங்கோ அப்பா." சத்தத்தை இன்னும் கூட்டினாள்.

முதலில் சர்க்கரை. அப்புறம் மழை. அப்புறம் பேப்பர் திருப்புகிற சத்தம். அன்றைக்கு ஸ்டூடியோவில் கூச்சலில் அமுங்கிப் போன வீரையாவின் குரல் இப்போது தனியாக வந்தது.

"கையெழுத்து நீங்க போட்டீங்க, அதுக்கு நான் நன்றிகூடச் சொல்ல முடியல. யாருக்குச் சொல்றது? ஜன்னலுக்கா?"

சிவக்கொழுந்து கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

அடுத்து அவருடைய குரல்.

"நானும் பின்பக்கத்தாலதான் ஐயா போனனான்! துரை வீட்டுக்கு! கோட்டுப் போட்டு, டை கட்டி, பின்பக்கத்தால! அங்கை நிண்டு போட்டு, வீட்டுக்கு வந்து அதையே உங்களுக்குச் செய்தன். வேற என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை!"

எதிரே உட்கார்ந்திருந்தும் இதை நான் அன்றைக்குக் கேட்கவே இல்லை. வீரையாவும் கேட்டிருக்க முடியாது.

சிவக்கொழுந்து எழுந்தார். யாரையும் பார்க்காமல் சமையலறைப் பக்கம் போனார். போச்சு, மனுஷன் வீட்டை விட்டே வெளியே போகிறார் என்று நினைத்தேன். 'டடக்' என்று தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. பூட்டு பூட்டுகிற சத்தமும் கேட்டது. பின்சந்திலிருந்து சமையல்காரர் அலறினார்.

"பாஸ்! என்ன பாஸ், சாம்பார் வெளியில இருக்குலா!"

"முன்பக்கத்தால கொண்டு வாரும்!"

"அண்டா பாஸ்! சூடு பாஸ்!"

"முன்பக்கத்தால எண்டு சொன்னன் எல்லே!"

இப்படித்தான் சாம்பார் முன்வாசலுக்கு வந்தது. அதே நேரத்தில் வேனும் வந்தது. பெண்கள் இறங்கினார்கள். தட்டுகள் இறங்கின. கடைசியாக முன்சீட்டிலிருந்து வேட்டியைச் சரி செய்துகொண்டு வீரையா இறங்கினார்.

வரமாட்டேன் என்றவர் எப்படி வந்தார்? குமரன் பிறகு சொன்னான். அப்பாவை மூலைக்கடையில் காப்பி குடிக்கலாம் என்று ஏமாற்றி வேனில் ஏற்றியிருக்கிறான். தெருமுனையில் நிறுத்தி ரேடியோவைப் போட்டிருக்கிறான். துரை வீட்டுக் கதை வந்ததும் அப்பாவே, "வண்டிய எடுடா" என்றாராம். கிள்ளானிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்குக் காப்பி குடிக்க வேட்டி கட்டிக்கொண்டு வந்தவர் உண்மையிலேயே ஏமாந்தாரா? நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

கேட் அருகே வந்து நின்றார் வீரையா. சிவக்கொழுந்து வெறுங்காலோடு வாசலுக்கு ஓடினார்.

"வாங்கோ. முன்பக்கத்தால வாங்கோ. பின்பக்கம் பூட்டியாச்சு. திறப்பு என்ர பொக்கெட்டில." சட்டைப் பையிலிருந்த சாவியைத் தொட்டுக் காட்டினார்.

"பூட்டிட்டா சாம்பார் எப்படி வரும் சம்பந்தி?"

"அதுவும் முன்பக்கத்தாலதான் வருது."

சரியாக அப்போது அண்டா அவருக்குப் பின்னால் வந்து நின்றது. தூக்கியவர்களுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. வீரையா திரும்பிப் பார்த்தார். ஒதுங்கி வழி விட்டார்.

"மொதல்ல சாம்பார் போகட்டும். நான் இத்தனை வருஷம் நின்னவன். அது ஆறிடும்."

முதலில் சிரித்தது சிவக்கொழுந்துதான். பிறகுதான் தெருவே சிரித்தது. வதனி சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, மை எல்லாம் கலைந்து மறுபடி அலங்காரம் பண்ண வேண்டியதாயிற்று. "வருவினமோ" தங்கை மட்டும் சாம்பாரில் உப்பு கூட என்றாள்.

அந்த வீட்டுப் பின்கதவு இன்னும் திறக்கவில்லை. புதன்கிழமை போயிருந்தேன். கேஸ் கொண்டுவந்த தம்பி பின்சந்தில் லோரியை நிறுத்திவிட்டுக் கதவைத் தட்டுகிறான். கிழவர் ஹாலில் இருந்தபடியே பெருமையாகக் குரல் கொடுக்கிறார். "முன்பக்கத்தால வாரும் தம்பி! எங்கட வீட்டில எல்லாருக்கும் முன்வாசல்தான்!"

வெயில். அந்தத் தம்பி சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு வரிசை வீடு முழுவதையும் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

நியாயம் செய்யுங்கள் ஐயா, நன்றாகச் செய்யுங்கள்... ஆனால் சிலிண்டர் தூக்குகிறவனையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்!