திரைப்பதிவில் விழுந்த செய்தி

மெங் சுன்யோங்கை நேரில் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் அவள் குரலைக் கேட்காத நர்சு கொரியாவின் சின்ன கிளினிக்குகளில் அநேகமாக இருக்கமாட்டாள். தேஜோன் நகரத்தில், கிளினிக்குகளுக்கு மென்பொருள் செய்து தரும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. நோயாளிக்கு நேரம் ஒதுக்குவது, ஒதுக்கியதை ரத்து செய்வது, காப்பீட்டுப் பணத்துக்கு விண்ணப்பிப்பது என்று ஒவ்வொன்றையும் கணினியில் தானே செய்து காட்டுவாள். திரையில் நடப்பதெல்லாம் அப்படியே பதிவாகும். கூடவே அவள் பேசிக்கொண்டு போவாள். "இப்போது வலது பக்கம் உள்ள பச்சைப் பொத்தானை அழுத்துங்கள்." அவசரமே இல்லாத குரல். நூறு தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொல்லித்தரும் ஒருத்தி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும்.

அதற்காக அவள் படும் பாடு வெளியே தெரியாது. பழைய சாமான்கள் போட்டு வைத்திருந்த ஜன்னலில்லாத அறையைக் கேட்டு வாங்கி, எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தாள். நாற்காலி கிறீச்சிட்டால் மறுபடி முதலிலிருந்து. லிஃப்ட் இரைந்தால் மறுபடி. ஒரு சொல் தடுக்கினால் மறுபடி. மூன்று நிமிட வீடியோவுக்கு அரை நாள் போய்விடும். பஸ் ஓட்டும் அவள் கணவன் தாக் ஜின்மோ, "நான் ஒரு தடவை தப்பாத் திருப்பினா அவ்வளவுதான். உனக்கு எத்தனை தடவை வேணும்னாலும் திருப்பிக்கலாம்" என்று கேலி செய்வான்.

ஆபீசில் அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதி பியோ ஹேரிம். வயது முப்பத்தொன்று, சுன்யோங்கைவிடப் பதினைந்து வயது சின்னவள். வாடிக்கையாளர்களின் போனை எடுத்துப் பதில் சொல்லும் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை திட்டு வாங்கிவிட்டு, மதியம் சுன்யோங்கோடு கல்குக்சு கடைக்கு வந்து, சிப்பி போட்ட நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே அன்றைக்கு யார் யார் எப்படிக் கத்தினார்கள் என்று அவரவர் குரலிலேயே பேசிக்காட்டுவாள்.

"உங்களை மாதிரி நான் போன்ல பேசினா யாரும் திட்டமாட்டாங்க அக்கா."

"ஏன்?"

"தூங்கிப்போயிருவாங்கல்ல."

ஹேரிம் ஒப்பந்த ஊழியை. டிசம்பரோடு இரண்டு வருடம் முடிகிறது. அதற்குமேல் வைத்துக்கொள்வதென்றால் நிரந்தரமாக்க வேண்டும், இல்லாவிட்டால் அனுப்பிவிட வேண்டும். நிரந்தரம் கிட்டத்தட்ட நிச்சயம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அந்த இலையுதிர் காலத்தில் அவள் கழுத்தில் ஒரு கட்டி இருப்பது ஆஸ்பத்திரியில் தெரியவந்தது. சுன்யோங்கிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

நவம்பரில் மென்பொருளின் புதுப் பதிப்பு வெளிவர இருந்தது. பதிவு செய்ய உட்காரும்போது ஆபீசுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும் மெசஞ்சரை மூடிவிடுவது சுன்யோங்கின் வழக்கம். அன்றைக்கு டீம் லீடர் கூ அறை வாசலில் நின்று, "அதை மூடாதீங்க சுன்யோங். கடைசி நேரத்துல ஸ்கிரீன் மாறினா மாறினதை அனுப்பிக்கிட்டே இருப்பேன்" என்றார். அவள் மூடவில்லை.

நேரம் ரத்து செய்வது எப்படி என்ற வீடியோ. அவள் கண் திரையின் இடது பக்கத்தில், மஞ்சள் வட்டத்தோடு நகரும் மவுஸ் மேல் இருந்தது. வலது பக்கக் கீழ் மூலையில் பெயரும் செய்தியுமாக ஒரு சின்னப் பெட்டி எழும்பி, இரண்டு மூச்சு நேரம் நின்று, மறைந்தது. பேச்சை முடித்துவிட்டுத்தான் மெசஞ்சரைத் திறந்து படித்தாள்.

"அக்கா, ஆபரேஷன் தேதி குடுத்துட்டாங்க. தைராய்டு கேன்சர்தான். குரல் போனாலும் போகலாம்னு டாக்டர் சொல்றாரு. கான்ட்ராக்ட் முடிவாகற வரைக்கும் ஆபீஸ்ல யாருக்கும் தெரிய வேண்டாம்."

படித்ததும் ஓடிப்போய் ஹேரிமைக் கூட்டிக்கொண்டு கட்டிடத்துக்குப் பின்னால், சிகரெட் பிடிக்க ஒதுங்குகிற இடத்துக்குப் போனாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். திரும்பி வந்து வீடியோவைச் சரிபார்த்தபோது தன் குரலை மட்டும்தான் கேட்டாள், மூலையைப் பார்க்கவில்லை. அந்தச் செய்தி எந்த நேரத்தில், எங்கே வந்து நின்றது என்று யோசிக்க அவள் மனசில் அப்போது இடமில்லை. வீடியோ வெளியே போயிற்று.

அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தது எங்கோ ஒரு ஊரில் இருந்த ஒரு நர்சு. நல்ல மனசுக்காரி. வீடியோவுக்குக் கீழே, "சப்போர்ட் டீம் பியோ ஹேரிம், உங்க ஆபரேஷன் நல்லபடியா முடியணும். நீங்க போன்ல எனக்கு எவ்வளவோ உதவி செஞ்சிருக்கீங்க. உங்க குரலுக்கு ஒண்ணும் ஆகாது" என்று எழுதினாள். அதற்குக் கீழே இன்னும் பல பேர் பூவும் இதயமும் போட்டு வாழ்த்தினார்கள். மதியத்துக்குள் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது.

வீடியோவை எடுத்துவிட்டு, அதை வெட்டிச் சரிசெய்து மறுபடி போட்டாள் சுன்யோங். பிறகு ஹேரிமின் மேஜைக்குப் போய் நின்றாள்.

ஹேரிம் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் சிரிக்கப் பார்த்தாள்.

"விடுங்க அக்கா. வேணும்னேவா செஞ்சீங்க? கல்குக்சு வாங்கிக் குடுங்க, சரியாப் போயிரும்."

அன்றைக்கு ஹேரிம் கிண்ணத்தில் பாதியை அப்படியே வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் டீம் லீடர் கூ சுன்யோங்கை உள்ளே கூப்பிட்டார். மேலிடத்தில் கேள்வி கேட்கிறார்களாம். இனி இப்படி நடக்காமலிருக்க, பதிவுக்கு முன்னால் என்னென்ன மூட வேண்டும், முடித்தபின் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று ஊழியர்களுக்காக ஒரு வீடியோ செய்ய வேண்டும். நடந்ததையே உதாரணமாகக் காட்டினால் மனசில் பதியும்.

"நீங்கதான் பேசணும். உங்க குரல்தான் எல்லாருக்கும் பழக்கம்."

"அது ஹேரிமோட சொந்த விஷயம் சார். அவ இன்னும் இங்கதான் வேலை பாக்குறா."

"பேரை மங்கலாக்கிடலாம்."

"மங்கலாக்கினா மட்டும்? யாருன்னு எல்லாருக்கும் தெரியுமே."

"அப்புறம் என்ன? புதுசா யாருக்கும் தெரியப் போறதில்லையே" என்றார் கூ. குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டார். "பாருங்க, உங்க மேல விசாரணை வைக்கணும்னு சொல்றாங்க. நான்தான் வேண்டாம்னு பேசி, இதை முடிச்சுக் குடுத்தாப் போதும்னு வெச்சிருக்கேன். உங்க பொண்ணு வர்ற வருஷம் காலேஜ் போகுதுல்ல?"

மெசஞ்சரை மூடாதீங்கன்னு சொன்னது நீங்கதானே என்று நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, "செய்றேன் சார்" என்றாள்.

போர்வை தொங்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகை வந்துவிடும், நடுவில் நிறுத்த வேண்டியிருக்கும் என்றுதான் நினைத்தாள். வரவில்லை. "இந்தப் பதிவில், ஓர் ஊழியரின் உடல்நலம் பற்றிய தனிப்பட்ட செய்தி திரையில் தெரிந்துவிட்டது. இது போன்ற தவறு நேராமலிருக்க, முதலில் அறிவிப்புகளை அணையுங்கள்." மவுஸ் மூலைக்குப் போயிற்று, மஞ்சள் வட்டம் அந்த மங்கிய பெட்டியைச் சுற்றி நின்றது. எந்தச் சொல்லும் தடுக்கவில்லை. லிஃப்ட்கூட அன்றைக்கு இரையவில்லை. நன்றாக வந்திருப்பதாகக் கூ பாராட்டினார். ஊழியர்கள் எல்லோரும் பார்த்தாக வேண்டும் என்று உத்தரவாயிற்று.

இரண்டு நாள் கழித்து, காபி எடுக்கிற அறையில் ஹேரிம் அவளிடம் வந்தாள்.

"'பார்த்தேன்'ங்கற பட்டனை அமுக்கிட்டேன் அக்கா. கடைசி வரைக்கும் ஓடினாத்தான் அந்தப் பட்டனே வருமாமே. அதனால முழுசாப் பாத்தேன்."

"ஹேரிம், கூ சார் என்னை…"

"நல்லாப் பேசியிருக்கீங்க. ஒரு இடத்துலகூடக் குரல் நடுங்கல." காகித டம்ளரை விரல்களுக்கு நடுவே சுற்றிக்கொண்டிருந்தாள். "எத்தனை தடவை எடுத்தீங்க?"

பத்துத் தடவை என்று சொல்லியிருக்கலாம். நாலு தடவை அழுதுவிட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். சுன்யோங்குக்கு அந்தச் சமயத்தில் பொய் வரவில்லை.

"ஒரே தடவைதான்."

ஹேரிம் தலையை ஆட்டினாள். டம்ளரைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

டிசம்பர் கடைசியில் ஹேரிமை அனுப்பிவிட்டார்கள். சப்போர்ட் டீமில் ஆட்களைக் குறைக்கிறோம் என்று காரணம் சொன்னார்கள். உடம்பைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆபரேஷனுக்கு மறுநாள் சுன்யோங் பூசணிக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஹேரிமின் அம்மா வராந்தாவிலேயே பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, "தூங்குறா. எழுந்ததும் சொல்றேன்" என்றாள். பாதி திறந்திருந்த கதவு வழியே, ஹேரிம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அதற்கப்புறம் அனுப்பிய செய்திகளெல்லாம் படிக்கப்பட்டன. பதில் இல்லை.

வசந்தம் வந்து, தெருவோரச் செர்ரிப் பூக்கள் உதிர்ந்த பிறகு, ஒரு சனிக்கிழமை சுன்யோங் பஸ் ஏறி ஹேரிமின் சொந்த ஊரான குன்சானுக்குப் போனாள். அங்கே மார்க்கெட்டில் ஹேரிமின் அம்மா சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறிகளைச் சமைத்து விற்கும் கடை வைத்திருந்தாள். கழுத்தில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு, தாமரைத்தண்டு வறுவலைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள் ஹேரிம். நிமிர்ந்து பார்த்தவள் அதிர்ச்சியடைந்த மாதிரி தெரியவில்லை.

"வாங்க அக்கா" என்றாள். காற்றில் கரைந்துபோகிற குரல். பக்கத்துக் கடை ரேடியோச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. சுன்யோங் இரண்டு எட்டு கிட்டே வந்து நின்றாள்.

"குரல்…"

"வந்துருச்சு. இவ்வளவுதான் வருமாம். அம்மா கூவி விக்கிறாங்க, நான் கட்டிக் குடுக்கறேன். போன்ல திட்டு வாங்கறதுக்கு இது தேவலை."

"அன்னிக்கு நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தாலும் என் வேலை போயிருக்கும். அது தெரியாதா எனக்கு?" ஹேரிம் பொட்டலத்தில் ரப்பர் வளையத்தைப் போட்டாள். நாலு வார்த்தைக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். "அந்தச் செய்தி பதிவுல விழுந்ததுக்கு நான் ஒரு நாளும் உங்களைக் கோவிச்சுக்கல. யாருக்கு வேணா நடக்கும். ஆனா அந்த இன்னொரு வீடியோ… 'இது போன்ற தவறு நேராமலிருக்க'ன்னு சொல்லிட்டு, என்னைச் சுத்தி வட்டம் போட்டீங்க பாருங்க. கண்ணை மூடினா அந்தக் குரல்தான் கேக்குது. நாம ரெண்டு பேரும் சாப்பிட உக்காந்தப்போ கேட்ட அதே குரல்."

சுன்யோங் அழுதாள். மார்க்கெட்டுக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"இனிமே வராதீங்க அக்கா. உங்களைப் பாத்து நாலு வார்த்தை கத்தணும்னு இருக்கு. கத்துறதுக்குத் தொண்டை இல்ல" என்றாள் ஹேரிம். சொல்லிவிட்டு அவளே லேசாகச் சிரித்தாள். சிரிப்புக்கும் சத்தம் வரவில்லை.

வேறு டீமுக்கு மாற்றிவிடச் சொல்லிச் சுன்யோங் இரண்டு தடவை கேட்டாள். உங்க குரல் இல்லாமல் எப்படி என்று கூ மறுத்துவிட்டார். அந்த வீடியோவையாவது எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினாள். நன்றாக வந்த வீடியோவை யாராவது எடுப்பார்களா என்றார். மகள் சியோலில் காலேஜில் சேர்ந்துவிட்டாள். சுன்யோங்கால் வேலையை விட முடியவில்லை.

இப்போது அவள் பதிவுக்கு முன்னால் எல்லாவற்றையும் மூடுகிறாள். முடித்த பின் சத்தத்தை அணைத்துவிட்டு, நாலு மூலையையும் பார்க்கிறாள். மறுபடி சத்தத்தோடு ஓடவிட்டுக் கேட்பதில்லை. தன் குரலைக் கேட்க அவளுக்குப் பிடிக்காமல் போய்விட்டது. புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு முதல் வாரத்தில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுகிறார்கள். போன மாதம் சேர்ந்த ஒரு பெண் வராந்தாவில் அவளை மறித்துக்கொண்டு, "வீடியோவுல பேசுறது நீங்கதானே? எவ்வளவு இதமாப் பேசுறீங்க! ஆமா, அந்த ஊழியருக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"ஊருக்குப் போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டு, சுன்யோங் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்குப் பதிவு செய்ய வேண்டியது, கிளினிக்கை விட்டுப் போன ஊழியரின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குவது எப்படி என்பது.