கழுத்துக்குள் இருந்த எண்

படூரில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கச் செயலாளர் ஒருவர் உண்டு. சிறுசேரியில் ஏதோ பெரிய வேலை. அதைவிடப் பெரிய வேலை, வாட்ஸ்அப் குழுவில் எங்களுக்கெல்லாம் பாடம் எடுப்பது. நாய், பூனை எதுவானாலும் சிப் போட்டே ஆகவேண்டும் என்று ஒருநாள் உத்தரவு போட்டார். அரிசிமணி அளவுதான் சிப். ஊசி வழியாகக் கழுத்துத் தோலுக்கடியில் ஏற்றிவிடுவார்கள். ஸ்கேனரைக் காட்டினால் எண் வரும், எண்ணை வைத்து உரிமையாளரைப் பிடித்துவிடலாம். பொறுப்பில்லாதவர்கள் இனி பிராணிகளைத் தெருவில் விட்டுவிட்டு ஓட முடியாது என்றும் எழுதியிருந்தார். தெருவில் கிடந்த பூனையை எடுத்து வளர்த்த என்னைத்தான் குத்துகிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

குடியிருப்பில் சிப் போடும் முகாம் வைத்த நாளில் முதல் ஆளாக நின்றார். அவருடைய லாப்ரடாருக்குத்தான் முதல் ஊசி. அது கத்தவில்லை, அவர் முகத்தைப் பார்த்து வாலாட்டியது. அவர் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பூனை டாக்டரின் கையைப் பிறாண்டியபோது, வளர்ப்பு அப்படி என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்னும் எரிகிறது.

அடுத்த வருடம் கடப்பாக்கத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மீன் இறக்கும் இடத்தில் எலும்பும் தோலுமாக ஒரு லாப்ரடார் படுத்திருந்தது. கழுத்தில் பட்டை இல்லை. பட்டை கிடந்த இடத்தில் முடி தேய்ந்திருந்தது.

“கார்ல வந்து வுட்டுட்டுப் பூட்டாங்கடா,” என்றாள் அக்கா. “பத்து நாளா இங்கதான் கெடந்துகினு கீது. வெள்ளக் காரு எது வந்தாலும் பின்னாலயே ஓடுது.”

தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு கேளம்பாக்கத்தில் என் பூனையைப் பார்க்கும் டாக்டரிடம் போனேன். ஸ்கேனர் கழுத்தருகே போனதும் பீப் என்றது. பதிவில் தேடிப் பார்த்த டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். எங்கள் முகாமின் முதல் எண். பட்டையைக் கழற்ற மறக்காத மனிதர் சிப்பை மறந்துவிட்டிருக்கிறார். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

அங்கிருந்தே அவருக்குப் போன் செய்தேன். ஒருவேளை நாயை யாராவது திருடிக் கொண்டுவந்து விட்டிருப்பார்களோ, அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். அப்படிப் பயந்ததற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. வீட்டில் புது சோபா வாங்கியதையும், அதில் நாய் முடி ஒட்டியதையும், நாய் செத்துப்போனதாகப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டதையும் நிதானமாக விளக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“சார், அந்தச் சிப்பை மட்டும் வெளிய எடுத்துட முடியுமா?”

முடியாது என்று சொல்லி வைத்துவிட்டேன். நாயை என் பெயருக்கு மாற்ற அவர் கையெழுத்து வேண்டியிருந்தது. சங்க நோட்டீஸில் போடுவதைப் போலவே நன்றாகச் சுழித்துப் போட்டுக் கொடுத்தார்.

இப்போது அது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. சாப்பாடு போடுவது நான். ஆனாலும் அவருடைய வெள்ளைக் கார் கேட்டுக்குள் நுழைந்தால் என்னை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. போன வாரம் அப்படி ஓடியபோது காரிலிருந்து அவருடைய சின்ன மகளும் இறங்கினாள். நாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா, இது நம்ம நாய் மாதிரியே இருக்கு.”

“எல்லா லாப்ரடாரும் ஒரே மாதிரிதாம்மா இருக்கும்,” என்றார்.

நாய் அவர் காலடியில் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தது.